ஒரு வீசை தீவனம், ஒரு டஜன் முட்டை: பர்மாவில் வீட்டுக் கோழிக்குப் போடும் காசு எங்கே கரைகிறது

நன்றாக முட்டையிடும் கலப்பினக் கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். நூறு கோழிக்கு நாளொன்றுக்கு எண்பது முட்டை கிடைத்தால், ஒரு டஜன் முட்டைக்கு ஆகும் தீவனம் 1,650 கிராம். நம் ஊர் வீசை 1,633 கிராம். ஆக, ஒரு வீசை தீவனத்துக்கு ஒரு டஜன் முட்டை என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். இதே கோழிகள் நூற்றுக்கு ஐம்பது முட்டைக்கு இறங்கிவிட்டால், அந்த டஜனுக்கு 2,640 கிராம், அதாவது ஒன்றே முக்கால் வீசைக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவைப்படும். சந்தையில் தீவன விலை ஒரு காசுகூட ஏறியிருக்காது. ஆனாலும் முட்டைக்கு விழும் செலவு பத்துக்கு ஆறு பங்கு கூடிவிட்டது.

முட்டைச் செலவில் அறுபதிலிருந்து எழுபது விழுக்காடு தீவனம்தான். அதனால் தீவனம் விலை ஏறியதும் எல்லோரும் மலிவான மூட்டையைத் தேடிப் போகிறார்கள். யாங்கோன், பகோ, தட்டோன், மோல்மேன் பக்கம் பத்து, இருபது கோழி வைத்திருக்கும் வீடுகளில் காசு பெரும்பாலும் மூட்டை விலையில் போவதில்லை. ஈரத்தில் போகிறது, சிந்தலில் போகிறது, கலவைக் கோளாறில் போகிறது. மலிவாக வாங்கிய உப்புக் கருவாட்டுத் தூள் கோழியின் வயிற்றைக் கழிய வைக்கிறது. கழிச்சல் தரையில் கூளமாகப் பரப்பிய உமியை நனைக்கிறது. நனைந்த உமி நோயைக் கொண்டுவருகிறது. தீவனத்துக்கு ஒரு கணக்கு, கூளத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்து எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படுவதில்லை.

எந்த மாதத்தில் எதை வாங்குவது

மழைக்கால நெல் நவம்பர், டிசம்பரில் அறுவடையாகிறது. அதன்பின் இரண்டு மூன்று மாதம் ரைஸ்மில்கள் ஓய்வில்லாமல் ஓடும். தவிடு, நொய், உமி மூன்றும் அப்போது தாராளமாகக் கிடைக்கும். ஷான் மாநிலத்து மக்காச்சோளம் அக்டோபரிலிருந்து இறங்கத் தொடங்கும். இந்தச் சோளம் சீனாவுக்கும் தாய்லாந்துக்கும் போகிறது. தாய்லாந்து பிப்ரவரியிலிருந்து சில மாதங்கள்தான் அதை வரியில்லாமல் உள்ளே விடும். எல்லைக்கு அப்பால் வாங்கும் மாதங்களில் உள்ளூர்ச் சந்தையிலும் விலை ஏறும். ஆகவே சோளத்தை நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாங்கி வைப்பது நல்லது. ஆனால் காய்ந்த சோளம்தான் வைக்கத் தாங்கும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சோளத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று கரண்டி தூள் உப்பைச் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, அதில் கொட்டி மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் சோளம் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியில் வெள்ளைப் படலமாக ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அந்த மூட்டை மூன்று வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். உப்பை வறுப்பதை விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்து உப்பு தானே ஈரமாக இருக்கும், எல்லாச் சோளத்தையும் கெட்டது என்றே காட்டும்.

மூட்டைகளைத் தரையில் வைக்கக் கூடாது. ஒரு சாண் உயர மூங்கில் பரண் போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். ஐந்து எலிகள் சேர்ந்தால் ஒரு கோழியின் தீவனத்தைத் தின்றுவிடும், கூடவே மூத்திரத்தாலும் கெடுக்கும். பரண் கால்களில் கவிழ்த்த தகரக் கூம்பு மாட்டினால் எலி ஏறாது.

தவிட்டை மட்டும் சேர்த்து வைக்கவே கூடாது. நெல்லைத் தீட்டிய கணமே தவிட்டிலுள்ள எண்ணெயை அதன் நொதி உடைக்கத் தொடங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நாளில் கசப்பேறும், சோப்பு வாடை அடிக்கும். கோழி அதைக் கிளறிக் கிளறி ஒதுக்கும். அப்படி ஒதுக்கியது முழுவதும் உமிக்குள் விழுந்த காசு. வாரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்கினால் போதும். புழுங்கலரிசி அரைக்கும் மில்லின் தவிடு கிடைத்தால் அதை எடுங்கள். நெல்லை வேகவைக்கும்போதே அந்த நொதி செத்துவிடுவதால், அந்தத் தவிட்டில் கசப்பு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. பச்சரிசித் தவிடுதான் கிடைக்கிறது என்றால், வாங்கிய அன்றே இரும்புச் சட்டியில் போட்டுக் கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை கால் மணி நேரம் கிளறி வறுத்து வையுங்கள்.

தவிட்டில் உமியை அரைத்துக் கலப்பது பழைய ஏமாற்று. ஒரு பால் டின் தவிட்டைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் உமி மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும். விரலில் தேய்த்தால் நல்ல தவிடு மாவாகக் குழையும், உமி கலந்தது சுரசுரக்கும்.

புரதத்துக்கு விலை போடுவது

வீசையில் நூற்றில் ஒரு பங்கு கியாட்தா. இதனால் நமக்கு ஒரு வசதி உண்டு: புரத விழுக்காடு எவ்வளவோ, ஒரு வீசையில் அவ்வளவு கியாட்தா புரதம். கடலைப் புண்ணாக்கில் ஏறத்தாழ 42, எள்ளுப் புண்ணாக்கில் 40, நல்ல மீன்தூளில் 50, தவிட்டில் 12, சோளத்தில் எட்டரை, நொய்யில் எட்டு. கடைக்காரர் சொல்லும் வீசை விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு கியாட்தா புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். விலை குறைந்ததாகத் தோன்றும் மீன்தூள், பாதிக்கு மணலும் உப்புமாக இருந்தால், இந்தக் கணக்கில் புண்ணாக்கை விட விலை கூடியதாக நிற்கும்.

புரதத்தின் அளவு மட்டும் போதாது. புரதத்தின் கட்டுக்கூறுகளான மெத்தியோனினும் லைசினும் கடலைப் புண்ணாக்கில் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. மீனில் லைசின் உண்டு. மூன்றும் சேர்ந்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கும். ஏதோ ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று அதையே கொட்டினால், கோழி குறையைச் சரிக்கட்ட மேலும் மேலும் தின்னும், மிஞ்சிய புரதம் எச்சத்தில் போய் அமோனியாவாக மாறும். கொட்டகைக்குள் கண் எரிந்தால் புண்ணாக்குச் செலவையும் ஒருமுறை பாருங்கள். பர்மாவின் வறண்ட வட்டாரம் எள்ளுக்கும் கடலைக்கும் பேர்போனது. செக்குக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

இருபது முட்டைக்கோழிக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும்படி பத்து வீசைக் கலவை ஒன்று: உடைத்த மக்காச்சோளம் 4 வீசை, நொய் 1 வீசை, தவிடு ஒன்றரை வீசை, கடலைப் புண்ணாக்கு 1 வீசை, எள்ளுப் புண்ணாக்கு 80 கியாட்தா, உப்பு குறைந்த மீன்தூள் 60, உடைத்த சிப்பி 90, எலும்புத்தூள் 12, வைட்டமின் தாதுக் கலவை 5, உப்பு 3. இதில் புரதம் பதினாறரை விழுக்காட்டை ஒட்டி நிற்கும், கால்சியம் நாலு விழுக்காடு வரும். முதலில் கடைசி மூன்றையும் ஒரு பியி (பர்மியப் படி) தவிட்டில் நன்றாகப் பிசறி, பிறகு மொத்தத்தில் கலக்க வேண்டும். நேரே கொட்டினால் ஒரு கோழிக்கு உப்பு முழுவதும் போய்ச் சேரும், இன்னொன்றுக்கு எதுவும் போகாது. மீன்தூளை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் தனியாக உப்புப் போடாதீர்கள், கடுமையாகக் கரித்தால் அதை வாங்கவே வேண்டாம்.

இந்தக் கலவை முட்டையிடும் கோழிக்கு மட்டுமே. குஞ்சுக்குச் சிப்பி இவ்வளவு போனால் சிறுநீரகம் கெடும். பதினைந்துக்குக் குறைவான கோழிகள் வைத்திருப்பவர்கள் கலவை வேலையில் இறங்காமலிருப்பதே மேல். வைட்டமின் பொட்டலத்தை உடைத்தால் தீரும் முன்பே வீரியம் போய்விடும். ஆயத்தத் தீவனம் வாங்கி, சிந்தாமல் போட்டாலே அவர்களுக்கு லாபம்.

கடலைப் புண்ணாக்கில் ஒரே பயம் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்ஸின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு முதலில் பிடிபட்டது. வெயிலில் உலர்த்தினால் பூஞ்சை காயும், நஞ்சு காயாது. வேகவைத்தாலும் போகாது. உடைத்துப் பார்த்து உள்ளே பச்சை, சாம்பல் நிறமோ மக்கல் வாடையோ இருந்தால், அந்தக் கட்டியை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கூட வாத்து இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வாத்துக்குஞ்சு சிறிய அளவிலேயே செத்துவிடும்.

பருப்பு மில் கழிவான உளுந்துப் பொட்டு, துவரைத் தோல் இரண்டையும் நூற்றுக்கு ஐந்து பங்குவரை சேர்க்கலாம். ஆனால் மலிவாக வரும் பட்டர்பீன்ஸ் வகைப் பயற்றில், வெளிநாட்டில் ‘ரங்கூன் பீன்ஸ்’ என்றே பெயர் வாங்கிய அந்தப் பயற்றில், சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. பச்சையாக அரைத்துப் போடவே கூடாது.

முருங்கைக் கீரை, கஸூன்கீரை என்னும் வள்ளைக்கீரை இரண்டும் வேலியோரம் சும்மா கிடைக்கும். நொய் கூடின தீவனத்தில் மஞ்சள் கரு வெளுத்துப் போகும். கீரை அதைச் சரிசெய்யும். தரையில் போட்டால் மிதித்து நாசம் செய்யும், கட்டாகக் கட்டிக் கழுத்து உயரத்தில் தொங்கவிடுங்கள். சவுண்டல் இலையை மட்டும் அளவோடு வையுங்கள், அதிகமானால் முட்டை குறையும். வீட்டுச் சோற்று மிச்சத்தைப் போடலாம், ஆனால் அது மாவுச்சத்து மட்டும்தான். ஙப்பி என்னும் உப்பு மீன்விழுது கலந்த மிச்சம், மொஹிங்கா என்னும் மீன் நூடுல்ஸின் சாறு இதையெல்லாம் கோழிக்குக் காட்டக் கூடாது. உப்பு ஏறினால் தண்ணீர் இரட்டிப்பாகக் குடிக்கும், உமி இரண்டு நாளில் சேறாகும்.

சிப்பி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஒரு முட்டை ஓட்டில் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது, கோழி தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும். நாளுக்குப் பத்து கிராம் சிப்பியோ சுண்ணாம்புக்கல்லோ வேண்டும். மிளகு அளவுக்கு உடைத்தது நல்லது. மாவாக அரைத்தால் உடனே கரைந்துவிடும். ஓடு உருவாகும் நேரமான இரவில் வயிற்றில் எதுவும் இருக்காது. வெற்றிலைச் சுண்ணாம்பை இதற்குப் பதிலாகக் கலக்காதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும்.

தொட்டியில் சிந்துவது

இரைத்தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் பத்தில் மூன்று பங்குவரை சிந்தும். பாதி நிரப்பினால் நூற்றுக்கு மூன்று போகும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் நூற்றுக்கு ஒன்றுதான். இருபது கோழிக்கு நாளைக்கு 2,200 கிராம் வைக்கிறோம். பத்து விழுக்காடு சிந்தினாலே மாதத்துக்கு 6,600 கிராம், அதாவது நாலு வீசை. நாலு டஜன் முட்டை உமிக்குள் கிடக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு மூங்கிலே போதும். நாலு அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள முற்றிய மூங்கிலை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். சரிபாதியாகப் பிளக்காதீர்கள். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மேலிருந்து சீவி எடுங்கள். மிஞ்சிய விளிம்பு இரண்டும் தாமாகவே உள்பக்கம் வளைந்து நிற்கும். கோழி அலகால் பக்கவாட்டில் வீசும் தீவனம் அந்த வளைவில் மோதி உள்ளேயே விழும். பாதியாகப் பிளந்த மூங்கிலில் அந்த வளைவு இருக்காது, வீசியதெல்லாம் வெளியே போகும். இரண்டு முனையிலும் கணுவை விட்டு வெட்டினால் அடைப்பு தனியே வேண்டாம். மேலே ஒரு சுழலும் குச்சி வைத்தால் கோழி ஏறி நிற்காது. விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நின்று தின்றால் ஒரு மீட்டருக்கு இருபது கோழி நிற்கும். மழை மாதங்களில் கணு மூலையில் ஒட்டிய பழைய தீவனத்தைத் தினமும் சுரண்டி எடுங்கள், பூஞ்சை அங்கேதான் பிறக்கும்.

சும்மா தின்கிற கோழியும் ஒரு சிந்தல்தான். கோழியைப் பிடித்துப் பின்புறம் இரண்டு இடுப்பெலும்புகளுக்கிடையில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்து, துவாரம் ஈரமாக அகன்றிருந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரல்தான் நுழைகிறது, கொண்டை சுருங்கி வெளுத்திருக்கிறது என்றால் நிறுத்திவிட்டது. அது இறகு உதிர்க்கும் நேரம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கழிப்பதா என்று முடிவெடுங்கள். முட்டை விற்க மட்டும் வளர்ப்பவருக்குச் சேவலே தேவையில்லை. ஊர்க்கோழி வருஷத்துக்கு நாற்பது அறுபது முட்டைதான் இடும். அதை மேயவிட்டு மாலையில் ஒரு கைப்பிடி நெல் போட்டால் போதும், விலை கூடின கலவையை அதற்கு வைப்பது வீண்.

உமியின் கணக்கு

இருபது கோழிக்கு நாலு சதுர மீட்டர் தரை வேண்டும். நாலு அங்குல உயரத்துக்கு உமி பரப்ப 40 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். அரிசிச் சாக்கில் அழுத்தாமல் நிரப்பினால் ஆறு ஏழு சாக்கு. முன்பு மில்காரர் ‘எடுத்துக்கொண்டு போங்கள்’ என்பார். இப்போது மில்லே உமியை எரித்து ஓடுகிறது, செங்கல் சூளைக்கும் போகிறது, ஆகையால் விலை வைக்கிறார்கள். அறுவடை முடிந்த ஜனவரியில் வருஷத்துக்கானதை வாங்கிக் கூரைக்கடியில் வைத்துவிடுங்கள்.

உமி தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் கட்டிப்படாது. கோழி கிளறக் கிளறக் காற்று புகுந்து காயும். முழு வைக்கோல் பாய்போலப் படிந்து அடியில் பூஞ்சைக்கும். இரண்டு அங்குலமாக நறுக்கினால் பரவாயில்லை. கடலைத்தோல் நல்ல கூளம், ஈரம் பட்டால் அதே அஃப்ளாடாக்ஸின் தொல்லை. நைஸான மரத்தூளைக் குஞ்சுகள் தின்று தொண்டை அடைத்துக்கொள்ளும். மோல்மேன் பக்கத்துத் தேங்காய் நார்க்கழிவு நன்றாக உறிஞ்சும், தண்ணீர்ப் பானையைச் சுற்றிப் போட அதுதான் ஏற்றது.

எச்சம் அதிலேயே மக்கும்படி வருஷம் முழுவதும் விட்டுவைக்கும் ஆழ்கூளத்தை மார்ச்சில் தொடங்க வேண்டும். எச்சத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர் பெருக ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மே நடுவில் மழை இறங்கும்போது கூளம் தயாராக இருக்க வேண்டும். ஜூலையில் புது உமி போட்டுத் தொடங்கினால் அது கோழிக்கொட்டகை ஆகாது, சேற்றுக்குளம்தான். இருபது கோழியின் ஒரு நாள் எச்சத்தில் மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அது காய வழி வேண்டும்.

கூளத்தைக் கையில் அள்ளிப் பிடியுங்கள். விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. மொத்தமாக வாரிக் கொட்டாமல், நனைந்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் எடுத்து அங்கே புது உமி போட்டால் மாதத்துக்கு ஒரு சாக்கோடு நின்றுவிடும். மாலையில் கோழிக்கு ஐந்து கிராம் கணக்கில் நெல்லைக் கூளத்தின்மேல் இறைத்தால், கிளறும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். சுண்ணாம்பைத் தூவினால் அமோனியா அடங்கும் என்பது தவறு. காரம் கூடினால் அமோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். உமிச் சாம்பலும் அப்படியே. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் ரத்தக்கழிச்சல் கிருமி இரண்டு நாளில் முதிர்ந்து தொற்றத் தயாராகிவிடும். அந்த மருந்துச் செலவோடு பார்த்தால் ஒரு சாக்கு உமி ஒன்றுமே இல்லை.

தரைக்கூளம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. மாண்டலே பக்கம் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்குக் கீழ். அங்கே ஆழ்கூளம் அருமையாக நிற்கும். யாங்கோனில் 2,500க்கு மேல். மோல்மேனில் 4,000க்கும் மேல். மோன் மாநிலத்திலும் தனிந்தாரியிலும், பர்மியர்கள் வழக்கமாகக் கட்டும் கால்வைத்த மூங்கில்கூண்டுதான் சரி. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம், பிளாச்சுகளுக்கு இடையே ஓர் அங்குல இடைவெளி, குஞ்சுக்கு அரை அங்குலம். கணுவையும் விளிம்பையும் சீவி மழுக்காவிட்டால் பாதத்தில் புண் வரும். உமி அப்போது முட்டைப்பெட்டிக்கு மட்டும் போதும். யாங்கோன், பகோ பக்கம் இரண்டையும் கலக்கலாம். எச்சத்தில் பாதிக்கு அருகில் இரவில் தூங்கும் கம்பத்துக்கு அடியில்தான் விழுகிறது. கம்பத்துக்குக் கீழே பிளாச்சு மேடை போட்டு எச்சத்தைத் தனியே எடுத்தால், மற்ற இடத்து உமி இரண்டு பங்கு நாள் தாங்கும். எந்த ஊரானாலும் கூரை மூன்றடி வெளியே நீள வேண்டும், தென்மேற்குப் பக்கம் சாரல் மறைப்பு வேண்டும்.

சிக்கனம் என்று பெரிய பண்ணையிலிருந்து பழைய தீவனச் சாக்கும் முட்டைத் தட்டும் வாங்கி வராதீர்கள். 2006 மார்ச்சில் மாண்டலே, சகாயிங் வட்டாரங்களில் பறவைக்காய்ச்சல் முதன்முதலாக வந்தது. சாக்கிலும் தட்டிலும் ஒட்டிய எச்சம் வழியாகவும் அந்தக் கிருமி பண்ணைக்குப் பண்ணை பயணிக்கும்.

ஆழ்கூளத்தை வருஷத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி மார்ச்சில் வாரலாம். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் அது நல்ல உரம், உமிக்குப் போட்ட காசு திரும்பி வந்துவிடும். புதிதாகப் போட்டால் கொடியின் வேர் கருகும். மார்பளவு குவித்து, லேசாக நனைத்து, பத்து நாளுக்கொருமுறை புரட்டி, ஆறு முதல் எட்டு வாரம் மக்கவிட்டுச் சாக்கில் கட்டுங்கள். மே மழைக்குள் விற்றுவிட வேண்டும். மூடாத குவியலில் ஒரு வாரம் மழை பெய்தால் தழைச்சத்து கரைந்து வாய்க்காலோடு போய்விடும்.